டிராஃப்ட் பற்றி வாதாடப் போகும் முன்: சிகாகோ பேர்ஸ் அணியை வைத்து ஒரு வழிகாட்டி

2025 மார்ச் கடைசி. அலுவலகச் சாப்பாட்டு மேசையில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்ட் வரப்போகிறது, அதில் பேர்ஸ் யாரை எடுக்க வேண்டும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நானும் கலந்துகொண்டேன். "கார்டுதான் வேண்டும். போன சீசனில் கேலப் வில்லியம்ஸ் 68 முறை சாக் ஆனாரே" என்றேன். (வில்லியம்ஸ் பேர்ஸின் குவாட்டர்பேக். அவர் பந்தை வீசும் முன் மடக்கி வீழ்த்தப்படுவதுதான் சாக். அவரைக் காக்கும் தாக்குதல் வரிசையில், நடுவில் நிற்கும் சென்டருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் கார்டுகள்.) எதிரில் இருந்தவர், "கார்டு இரண்டு பேரும் சென்டரும் இந்த மாதமே வந்துவிட்டார்களே" என்றார். அவர் சொன்னது உண்மை. கார்டுகள் ஜோ தூனியையும் ஜோனா ஜாக்சனையும் டிரேடில், அதாவது அணிகளுக்கிடையே நடக்கும் பரிமாற்றத்தில், வாங்கியிருந்தார்கள். சென்டர் டிரூ டால்மனை 3 ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். நான் படித்துவிட்டுப் போனதோ பிப்ரவரியில் வந்த ஒரு கணிப்பு.

அதற்குப் பிறகு எதை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஆண்டு ஆனது. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களும், ஊரிலிருந்தே என்எஃப்எல் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களும் அவ்வளவு அலைய வேண்டாம். மூன்று மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. ஐபிஎல் ஏலத்தை மறந்துவிட்டு வரிசையைப் படியுங்கள்

நம் ஆட்கள் பலரும் டிராஃப்டை ஐபிஎல் ஏலம் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசைதான் பேசும். கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை 32 அணிகளும் 7 சுற்றுகளில் முறை வைத்து எடுக்கின்றன. எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடும். போட்டி போட்டு விலையை ஏற்ற வழி இல்லை.

பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள் முதல் 18 இடங்களில் வரும். அதிலும் மோசமாக ஆடிய அணிக்கே முதல் இடம். மற்ற 14 அணிகளும் பிளேஆஃபில் வெளியேறிய வரிசைப்படி பின்னால் வரும், சூப்பர் பவுல் வென்ற அணிக்கு 32ஆவது இடம். வெற்றி தோல்வி சமமாக இருந்தால், எதிரிகள் பலவீனமாக இருந்த அணி முதலில் எடுக்கும்.

இந்தக் கடைசி விதியைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 2024 சீசனில் ஜெட்ஸ், பாந்தர்ஸ், செயிண்ட்ஸ், பேர்ஸ் நான்கு அணிகளும் 5 வெற்றி 12 தோல்வி. எதிரிகளின் பலத்தைப் பார்த்து 7, 8, 9, 10 என்று இடம் கொடுத்தார்கள். பேர்ஸுக்குக் கிடைத்தது 10. தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள்களில் ஆர்மண்ட் மெம்பூ 7இலும், கெல்வின் பேங்க்ஸ் 9இலும் போய்விட்டார்கள். "பேர்ஸ் ஏன் டேக்கிளை எடுக்கவில்லை?" என்று கேட்பவருக்குப் பாதிப் பதில் இந்த வரிசையில் இருக்கிறது. சீசனின் கடைசி ஆட்டத்தில் பக்கத்து ஊர் எதிரியான கிரீன் பே பேக்கர்ஸை 24-22 என்று வென்றபோது ஊரே கொண்டாடியது. வரிசையில் பேர்ஸைக் கீழே இறக்கியதும் அந்த வெற்றிதான்.

2. நான்கு தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

நான்கும் இலவசம். எனக்கு இதில் ஒரு காசும் செலவாகவில்லை.

அணியிடம் இருக்கும் பிக்குகளின், அதாவது வீரரை எடுக்கும் முறைகளின், பட்டியல் முதல் தாள். சுற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, மொத்த வரிசையில் எத்தனையாவது என்ற எண்ணும் வேண்டும். பழைய டிரேடுகளில் போனதும் வந்ததும் இருக்கும் என்பதால் "எல்லா அணிக்கும் ஏழு பிக்" என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது டெப்த் சார்ட். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் யார், மாற்று ஆள் யார் என்ற பட்டியல். அணியின் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அது பழையதாக இருக்கலாம், தேதியைப் பாருங்கள்.

மூன்றாவது ஒப்பந்தப் பட்டியல். ஓவர் தி கேப், ஸ்பாட்ராக் ஆகிய தளங்களில் யாருக்கு எவ்வளவு, எந்த ஆண்டு முடிகிறது, இப்போது நீக்கினால் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் இருக்கும். நான்கில் இதுதான் பொன். புதியவர்கள் திறந்து பார்க்காததும் இதைத்தான்.

நான்காவது, ஜனவரியிலிருந்து அணிக்கு வந்தவர், போனவர் பட்டியல். நான் கோட்டை விட்டது இதில். வாதத்துக்கு உட்காரும் அன்று காலையில் ஒருமுறை புரட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

3. உங்கள் கையால் ஒரு அட்டவணை போடுங்கள்

சரி, இப்போதுதான் உண்மையான வேலை. ஒரு தாளில் இடங்களை வரிசையாக எழுதுங்கள்: குவாட்டர்பேக், ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட், டேக்கிள், கார்டு, சென்டர், எட்ஜ் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்), உள் தடுப்பு வரிசை, லைன்பேக்கர், கார்னர், சேஃப்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். முதல் ஆள் யார்? வயது என்ன? ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? அவர் அடிபட்டால் அடுத்தவர் யார்?

சீசனில் ஓர் அணி 53 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். தாக்குதல் வரிசைக்கு 9 பேர், பின்களத் தடுப்புக்கு 10 பேர், உதைப்பவர்கள் உட்பட மூன்று சிறப்பு ஆட்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் இடம் எவ்வளவு குறைவு என்று தெரியும். ஐந்தாவது சுற்றில் மூன்றாவது டைட் எண்டைக் கேட்பவர், வெளியே போகப்போவது யார் என்றும் சொல்ல வேண்டும்.

அட்டவணை போட்டதும் எல்லார் கண்ணும் இந்த ஆண்டு ஓட்டைக்குத்தான் போகும். நீங்கள் அடுத்த ஆண்டு ஓட்டையைத் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஓட்டையை மார்ச்சில் பணம் கொடுத்து அடைக்கலாம், பேர்ஸ் கார்டு இடத்தில் செய்தது அதுதான். கல்லூரிப் பையன் நிலைத்து ஆடப் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும்.

2025இல் பேர்ஸ் 56ஆவது இடத்தில் பாஸ்டன் காலேஜின் ஆஸி டிராப்பிலோ என்ற டேக்கிளை எடுத்தது. பலருக்கு ஆச்சரியம். அட்டவணை போட்டவருக்கு ஆச்சரியமில்லை. இடப்பக்க டேக்கிள் பிராக்ஸ்டன் ஜோன்ஸுக்கு முந்தைய டிசம்பரில் கணுக்கால் முறிந்திருந்தது, அவருடைய ஒப்பந்தமும் 2025 சீசனோடு முடிவதாக இருந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு ஓட்டை.

இதைவிடப் பெரிய உதாரணம் பக்கத்து ஊரில் இருக்கிறது. 2020இல் ஏரன் ராட்ஜர்ஸ் இருக்கும்போதே பேக்கர்ஸ் டிரேடு செய்து 30இலிருந்து 26க்கு ஏறிப்போய் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வை எடுத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ராட்ஜர்ஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருதை வாங்கினார், கோபம் இன்னும் ஏறியது. ஆனால் 2023இல் அவர் கிளம்பியபோது லவ் தயாராக இருந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயிற்சியாளர் மாறினால் உங்கள் அட்டவணையும் மாறும். பேர்ஸிடம் டைட் எண்ட் கோல் கெமட் இருந்தார், 2023இல்தான் 4 ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். என் தாளில் டைட் எண்டுக்கு எதிரே "தேவையில்லை" என்று எழுதியிருந்தேன். 10ஆவது இடத்தில் மிஷிகனின் கோல்ஸ்டன் லவ்லண்டை எடுத்தார்கள், டைட் எண்ட். புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் பென் ஜான்சன், முன்பு டெட்ராய்டில் இரண்டு டைட் எண்டுகளை நிறுத்தி ஆட்டத்தை நடத்தியவர். அவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்த பிறகு நான் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும்.

4. பணக்கணக்கு: இது தெரியாமல் வாதத்தில் நிற்க முடியாது

ஒவ்வொரு அணியும் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு சாலரி கேப். 2024இல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர், 2025இல் 27 கோடியே 92 லட்சம். எல்லா அணிக்கும் ஒரே வரம்புதான், பணக்கார முதலாளி இருந்தாலும் தாண்ட முடியாது.

டிராஃப்டில் வரும் வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டை நீட்டும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாவது சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் அணி அதை முடிவு செய்ய வேண்டும். 32ஆவது பிக்குக்கும் 33ஆவது பிக்குக்கும் எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு வித்தியாசம். முதல் சுற்றின் கடைசி இடத்துக்குக் குவாட்டர்பேக் தேடும் அணிகள் ஏறி வருவது இதனால்தான்.

சம்பளத்தைத் தீர்மானிப்பது பிக் எண். அந்த வீரர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது இல்லை. 2024இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸுக்கு 4 ஆண்டுக்குச் சேர்த்து ஏறக்குறைய 3 கோடியே 95 லட்சம் டாலர். 2022இல் 262ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டிக்கு 4 ஆண்டுக்கு 37 லட்சத்தை ஒட்டிய தொகை. அதே பர்டியின் 2025 புது ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு 26 கோடியே 50 லட்சம், அதாவது ஆண்டுக்கு 5 கோடியே 30 லட்சம். குவாட்டர்பேக், எட்ஜ், டேக்கிள், ரிசீவர், கார்னர் ஆகிய இடங்களுக்கு வெளிச்சந்தையில் விலை மிக அதிகம். அந்த இடத்தில் டிராஃப்ட் வீரர் கிடைத்தால் மிச்சம் கோடிக்கணக்கில். ரன்னிங் பேக்கையோ சேஃப்டியையோ முதல் பத்தில் எடுத்தால் மிச்சம் குறைவு. 2025இல் ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜெண்டியை 6ஆவதாக ரெய்டர்ஸ் எடுத்தபோது நடந்த சண்டையெல்லாம் இதைப் பற்றித்தான். அவருடைய திறமையை யாரும் குறை சொல்லவில்லை.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் டெட் மணி, அதாவது அணியில் இல்லாத வீரருக்காகக் கணக்கில் நிற்கும் தொகை. "அவரை நீக்கிவிட்டால் சம்பளம் மிச்சம்" என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். ஒரு வீரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் கையெழுத்துப் போனஸ் கொடுத்தார்கள் என்று வையுங்கள். கணக்கில் அது ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரியும். இரண்டு ஆண்டு கழித்து நீக்கினால், மீதி 1 கோடி மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கில் வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு நீக்கினால் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத் தளத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும். யாரையாவது நீக்கச் சொல்லும் முன் அதைப் பாருங்கள்.

5. எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது

ஜனவரி: மூன்றாம் ஆண்டுக் கல்லூரி வீரர்கள் டிராஃப்டுக்கு வருகிறோம் என்று அறிவிக்கக் கடைசி நாள் மாத நடுவில் வரும். அதற்கு முன் வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி கடைசி: இண்டியானாபோலிஸில் காம்பைன், டிராஃப்டுக்கு வரும் வீரர்களை எல்லா அணிகளும் சோதித்துப் பார்க்கும் முகாம். 40 கஜ ஓட்டத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அணிகளுக்கு முக்கியமானது அங்கே நடக்கும் மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும். அவை வெளியே வராது. நல்ல வீரர் ஒருவர் டிராஃப்ட் அன்று காரணம் தெரியாமல் கீழே இறங்கினால், மருத்துவ அறிக்கையை முதலில் சந்தேகப்படுங்கள்.

மார்ச்: ஃப்ரீ ஏஜென்சி, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிகளோடு ஒப்பந்தம் செய்யும் காலம். இந்த ஒரு வாரத்தில் உங்கள் அட்டவணையில் பாதி மாறிவிடும். பழையதை அடித்துத் திருத்தாதீர்கள், புதுத் தாளில் எழுதுங்கள். எது ஏன் மாறியது என்று பின்னால் பார்க்க உதவும்.

ஏப்ரல்: ஒவ்வோர் அணியும் அதிகபட்சம் 30 வீரர்களைத் தன் இடத்துக்கு அழைத்துப் பேசலாம். அந்தப் பெயர்கள் செய்திகளில் கசியும். அழைத்தார்கள் என்பதால் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே இடத்து ஆட்கள் நான்கைந்து பேர் வந்துபோனால் குறித்துக்கொள்ளுங்கள்.

6. மாக் டிராஃப்டை எப்படிப் படிப்பது

யார் எந்த அணிக்குப் போவார் என்று டிராஃப்டுக்கு முன்பே எழுதும் கணிப்புதான் மாக் டிராஃப்ட். அதில் முதலில் தேதி. மார்ச் 15க்கு முந்தையது என்றால் மூடிவிடுங்கள். அப்புறம், ஒரே ஒருவருடையதைப் படிக்காமல் ஐந்தாறு பேருடையதைப் பாருங்கள். உங்கள் அணிக்கு யார் பெயர் வருகிறது என்பதைவிட, ஒரு வீரர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் போவார் என்பதுதான் பயன்படும் தகவல். 10ஆவது இடத்தில் இருக்கும் அணிக்கு, முதல் 5க்குள் போகப்போகிறவரைக் கேட்டு வாதாடுவதில் பயனில்லை.

7. டிரேடு கணக்கு

"கீழே இறங்கி இரண்டு பிக் வாங்கலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார். அதற்கு ஒரு விலைப் பட்டியல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவானது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, மூன்றாவதுக்கு 2200, பத்தாவதுக்கு 1300, 32ஆவதுக்கு 590. அடுத்த ஆண்டு பிக்கை ஒரு சுற்றுக் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். இப்போது அணிகள் வேறு பட்டியல்களையும் வைத்திருக்கின்றன, அவை பின்சுற்றுகளுக்குக் கூடுதல் மதிப்பு தருகின்றன. மேசை வாதத்துக்குப் பழையதே போதும்.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. 2025இல் பேர்ஸ் பஃபலோ பில்ஸுக்கு 41, 72, 240 ஆகிய பிக்குகளைக் கொடுத்து 56, 62, 109 ஆகியவற்றை வாங்கியது. கொடுத்தது 490, 230, அப்புறம் 240க்கு ஏதோ சொற்பம்: ஏறக்குறைய 720. வாங்கியது 340, 284, 76: மொத்தம் 700. கிட்டத்தட்டச் சமம். டிராப்பிலோ வந்தது இந்த 56இல்தான்.

இப்போது சிகாகோவில் இன்னும் ஆறாத புண். 2017இல் பேர்ஸ் 3இலிருந்து 2க்கு ஏறி குவாட்டர்பேக் மிட்செல் டிருபிஸ்கியை எடுத்தது. பின்னால் சூப்பர் பவுல்களை வென்ற குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 10ஆவதாக கன்சாஸ் சிட்டிக்குப் போனார். "ஒரே ஒரு இடம் ஏற அள்ளிக்கொடுத்தார்கள்" என்று இன்றும் சொல்வார்கள். கணக்கைப் போடுங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் 400. கொடுத்தது 67ஆவது பிக் 255, 111ஆவது 72, அடுத்த ஆண்டு மூன்றாம் சுற்று ஒன்று. அதை நான்காம் சுற்றாக மதிப்பிட்டால் மொத்தம் 400ஐ ஒட்டி வருகிறது. கொடுத்த விலை நியாயமானதுதான். தேர்ந்தெடுத்த ஆளில்தான் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தெரிந்தாலே மேசையில் உங்கள் பேச்சுக்கு மரியாதை வரும்.

நல்ல விலைக்கு உதாரணம் 2023. பேர்ஸ் முதல் பிக்கை கரோலைனா பாந்தர்ஸுக்குக் கொடுத்தது. கிடைத்தவை: ரிசீவர் டிஜே மூர், 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று. பாந்தர்ஸ் மோசமாக ஆடியதால் அந்த 2024 பிக்கே முதலாவது ஆனது, வந்தவர் கேலப் வில்லியம்ஸ். 2025 பிக் 39ஆவதாக அமைந்து லூதர் பர்டன் வந்தார். அடுத்த ஆண்டு பிக்கை வாங்கும்போது எதிரணியின் அடுத்த சீசன் மீதும் பந்தயம் கட்டுகிறீர்கள் என்று நினைவில் வையுங்கள்.

8. டிராஃப்ட் நாள்

மூன்று நாள், வியாழன் முதல் சனி வரை. 2025இல் கிரீன் பேயில் ஏப்ரல் 24இலிருந்து 26 வரை நடந்தது. முதல் சுற்று சிகாகோ நேரம் மாலை 7 மணி, நம் ஊரில் வெள்ளி விடியற்காலை 5.30. இரண்டாம் மூன்றாம் சுற்று வெள்ளி மாலை 6 மணி, மீதி நான்கு சுற்றும் சனி காலை 11 மணியிலிருந்து. முதல் சுற்றில் ஒரு பிக்குக்கு 10 நிமிடம் கொடுத்தார்கள், இரண்டாவதில் 7, மூன்றிலிருந்து ஆறு வரை 5, ஏழாவதில் 4. முதல் சுற்று முடிய இரவு வெகுநேரம் ஆகும். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டங்களை முன்கூட்டியே தள்ளிவைத்துவிடுங்கள். நேரில் பார்க்க நுழைவு இலவசம், லீகின் செயலியில் பதிவு செய்ய வேண்டும். விடுதி அறைக்குத்தான் செலவு, அதை மாதங்களுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: உங்கள் அணியின் பிக் வரும்போது இருக்கக்கூடிய ஐந்து பேர், நீங்கள் யாரை முதலில் எடுப்பீர்கள், ஏன். தேதி போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் மட்டும் தாளைக் காட்டலாம். நீங்கள் சொன்னது தப்பாகப் போயிருந்தாலும், எந்தக் காரணம் தப்பாகப் போனது என்று தெரியும். 2025 தாளில் நான் லவ்லண்டை எழுதவே இல்லை. பென்சில்வேனியா ஸ்டேட்டின் டைட் எண்ட் டைலர் வாரனைக்கூட எழுதவில்லை. இப்போது பயிற்சியாளருக்கென்று தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்.

9. டிராஃப்ட் முடிந்த பிறகு

மறுநாள் காலையே ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டு எழுதுவார்கள். படிக்க நன்றாக இருக்கும். யாரும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதால் அதை வைத்து வாதாட வேண்டாம்.

அதைவிட, சனிக்கிழமை ஏழாவது சுற்று முடிந்ததும் விழித்திருங்கள். யாரும் எடுக்காத வீரர்களை அணிகள் நேரடியாக ஒப்பந்தம் செய்வது அந்த நிமிடமே தொடங்கிவிடும். அடுத்த திங்கள் தாண்டியதும் சீனியர் வீரர்கள் சிலரும் அணி மாறுவார்கள். அதற்குப் பிறகு கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் இழப்பீட்டு பிக் (வீரர்களை இழந்த அணிக்குக் கிடைக்கும் கூடுதல் பிக்) கணக்கில் வராது என்பதால் அணிகள் காத்திருக்கும். டிராஃப்டில் அடைக்காத ஓட்டை மே மாதத்தில் அடைபடுவது இப்படித்தான். ஆகவே "இந்த இடத்தை மறந்தேவிட்டார்கள்" என்ற புகாரை மே நடுவரைக்கும் வைத்திருங்கள்.

ஏழாவது சுற்றையும் விடாதீர்கள். பேர்ஸ் 233ஆவதாக எடுத்த ரட்கர்ஸ் ரன்னிங் பேக் கைல் மொனங்காய், அதே ஆண்டு நவம்பரில் சின்சினாட்டிக்கு எதிராக 176 கஜம் ஓடினார். அந்த ஆட்டத்தை 17 நொடி மிச்சமிருக்கும்போது முடித்து வைத்த டச்டவுன் லவ்லண்டுடையது.

கோடையில் ஓர் அணியில் 90 பேர் வரை இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அதை 53 ஆக்கியே தீர வேண்டும். அன்று உங்கள் அட்டவணையை எடுத்து, போனவர்களை அடித்து, அதே தாளின் பின்பக்கத்தில் அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறவர்களின் பெயர்களை எழுதத் தொடங்குங்கள்.